எதுவரை வந்து நிற்கிறது?

அன்பு வாசகர்களுக்கு,

தீபாவளி போனஸ் எங்கே போனது என்பதை எங்களுக்கு வரும் கடிதங்களைப் பார்த்தே சொல்லிவிடலாம். பத்தாவது படிக்கும் பையனின் நச்சரிப்போ, கல்யாண வீடியோ எடிட் செய்கிற தம்பியின் தொழில் தேவையோ, வீட்டுக்குப் புதிதாக ஒரு கிராபிக்ஸ் கார்டு வந்துவிடுகிறது. பழையதைக் கழற்றிப் புதியதைப் பொருத்தி, ஆசையோடு பவர் பட்டனை அழுத்துகிறார்கள். ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் கறுப்பாகவே இருக்கிறது. இப்படி வருகிற கடிதங்களின் கடைசி வரி அநேகமாக ஒன்றுதான்: “கார்டு டெட்டா சார்?”

சர்வீஸ் கடைக்காரர்கள் ‘நோ டிஸ்ப்ளே’ என்று பில்லில் எழுதி முடித்துவிடுகிற இந்தக் கோளாறுக்குள், ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாத பல காரணங்கள் ஒளிந்திருக்கின்றன. அவற்றில் புதுக் கார்டு செத்துப்போயிருப்பது கடைசியாகச் சந்தேகப்பட வேண்டியது. கேபிள், எஸ்எம்பிஎஸ், ராம், பயாஸ், டிரைவர் என்று சுற்றியிருக்கும் பழைய சாமான்களில் ஏதோ ஒன்று புதியவரோடு ஒத்துப்போகாமல் முரண்டு பிடிக்கும். பழி மட்டும் புதியவர் தலையில் விழும்.

ஆகவே இந்த மாதம் இந்தப் பக்கத்தை அந்தக் கடிதங்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே பதிலாக எழுதுகிறேன். நான் சொல்ல வருவது ஒன்றுதான். “எது போச்சு?” என்று கேட்பதற்கு முன்னால், “எதுவரை வந்து நிற்கிறது?” என்று பாருங்கள்.

பவர் பட்டனை அழுத்தியதும் நடப்பவை கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் நடக்கின்றன. ஆனால் ஒரு வரிசையில் நடக்கின்றன. பவர் சப்ளை பெட்டியான எஸ்எம்பிஎஸ், தன் வோல்டேஜ்கள் நிலைப்பட்டதும் ‘பவர் குட்’ என்ற சிக்னலை மதர்போர்டுக்கு அனுப்பும். அதற்குப் பிறகுதான் பிராசசர் வேலை தொடங்கி, மதர்போர்டிலுள்ள பயாஸ் சிப்பைப் படிக்கும். பயாஸ், ராமைச் சோதித்து, கிராபிக்ஸ் கார்டைத் தேடும். கார்டுக்குள்ளும் தனியே ஒரு சின்ன பயாஸ் உண்டு. அது ஓடினால்தான் திரையில் முதல் எழுத்தோ கம்பெனி சின்னமோ தெரியும். அடுத்து மதர்போர்டின் பயாஸ், டிஸ்க்கில் விண்டோஸைத் தேடி எழுப்பும். விண்டோஸ் பாதி எழுந்த பிறகு கார்டின் டிரைவர் வந்து பொறுப்பை ஏற்கும். 1981இல் ஐபிஎம் தன் முதல் பர்சனல் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்த காலத்திலிருந்து அடிப்படை வரிசை இதுவே. எந்தக் கட்டத்தில் நின்றது என்று தெரிந்துவிட்டால், அதற்கு முந்தைய கட்டங்களில் உள்ள சாமான்களையெல்லாம் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

கேபினெட்டைத் திறப்பதற்கு முன்னால் அதன் முதுகைப் பாருங்கள். மானிட்டர் கேபிள் எங்கே செருகியிருக்கிறது? யுஎஸ்பி, ஆடியோ துளைகளுக்குப் பக்கத்தில் மேலே இருக்கும் எச்டிஎம்ஐ, மதர்போர்டினுடையது. கீழே குறுக்குவாட்டில் இருப்பதே கார்டினுடையது. கார்டு போட்டதும் பல மதர்போர்டுகள் ஆன்போர்டு டிஸ்ப்ளேயைத் தாமாகவே அணைத்துவிடும். ஐ5 12400எஃப் போலப் பெயரின் கடைசியில் ‘எஃப்’ உள்ள இன்டெல் பிராசசர்களில் ஆன்போர்டு கிராபிக்ஸே கிடையாது. 2022இல் வந்த 7000 வரிசைக்கு முந்தைய ரைசன் டெஸ்க்டாப் பிராசசர்களில், பெயரில் ‘ஜி’ இல்லாதவற்றுக்கும் இதே கதைதான். இவற்றில் மேல் துளையில் எவ்வளவு நேரம் செருகி வைத்தாலும் படம் வராது.

பழைய விஜிஏ மானிட்டரை இன்னும் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2016இல் வந்த ஜிடிஎக்ஸ் 10 வரிசையோடு என்விடியா தன் கார்டுகளில் அனலாக் சிக்னலை நிறுத்திவிட்டது. பழைய கார்டுக்குப் பயன்பட்ட, உள்ளே சர்க்யூட் எதுவும் இல்லாத டிவிஐ – விஜிஏ அடாப்டர் புதுக் கார்டில் செருகவே செருகாது. எப்படியோ செருகினாலும் படம் வராது. சிக்னலை மாற்றித் தரும் சர்க்யூட் உள்ள கன்வெர்ட்டர் வேண்டும். மானிட்டரின் ‘இன்புட்’ எச்டிஎம்ஐயில் இருக்கிறதா, டிஸ்ப்ளே போர்ட்டில் இருக்கிறதா என்பதையும் அதன் பட்டனை அழுத்திப் பார்த்துவிடுங்கள்.

இனி கேபினெட்டைத் திறப்போம். அதற்கு முன் சுவர் சுவிட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்குங்கள். பிறகு பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் மதர்போர்டில் மிச்சமிருக்கும் கரண்ட் வடிந்துவிடும். உள்ளே கை வைக்குமுன் கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொட்டு, உடம்பிலுள்ள நிலைமின்சாரத்தை இறக்கிவிடுங்கள். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்க வேண்டாம். அதற்குள்ளிருக்கும் பெரிய கெபாசிட்டர் 300 வோல்ட்டுக்கு மேல் சேமித்து வைத்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உடனே இறங்காது.

முதல் நிலை, எதுவுமே எழாதது. பட்டனை அழுத்தினால் சத்தமே இல்லை. அல்லது ஃபேன் ஒரு சுற்று திரும்பி டக்கென்று நிற்கிறது. இப்படி நிற்பதை எஸ்எம்பிஎஸ் செய்கிற உபகாரமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கோ ஷார்ட் இருக்கிறது, அல்லது கரண்ட் அளவுக்கு மீறி இழுக்கப்படுகிறது என்று கண்டு, தானே அணைத்துக்கொள்கிறது. கார்டைக் கழற்றிவிட்டு அழுத்திப் பாருங்கள். இயந்திரம் எழுந்தால் பிரச்சினை கார்டிலோ அதற்குப் போகும் ஒயரிலோ இருக்கிறது. கழற்றியும் எழவில்லை என்றால், வேலை செய்யும்போது நழுவி விழுந்த ஸ்க்ரூ ஏதாவது மதர்போர்டுக்கு அடியில் கிடக்கிறதா, பெரிய 24 பின் கனெக்டர் அசைந்துவிட்டதா என்று தேட வேண்டும்.

ஒயர் விஷயத்தில் இரண்டு எச்சரிக்கை. பிராசசருக்குப் போகும் 8 பின் கனெக்டரும் கிராபிக்ஸ் கார்டுக்குப் போகும் 8 பின் கனெக்டரும் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். முன்னது நான்கு நான்காகப் பிரியும். பின்னது ஆறும் இரண்டுமாகப் பிரியும். 12 வோல்ட்டும் கிரவுண்டும் இரண்டிலும் எதிரெதிர்ப் பக்கத்தில் இருப்பதால், பலவந்தமாகச் செருகினால் ஷார்ட்தான். இரண்டாவது, கேபிளைத் தனியாகக் கழற்றக்கூடிய மாடுலர் எஸ்எம்பிஎஸ்களைப் பற்றியது. பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிள் கையில் இருக்கிறதே என்று புதியதில் செருகிவிடாதீர்கள். எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனையில் எந்தப் பின்னில் எந்த வோல்டேஜ் என்பதற்குப் பொது விதி கிடையாது. கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஒரே கம்பெனியில் மாடலுக்கு மாடலும் மாறும். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போனால், கார்டைப் பற்றிய கவலை போய் ஹார்டு டிஸ்க்கைப் பற்றிய கவலை வந்துவிடும்.

இரண்டாம் நிலை, கடிதங்களில் அதிகம் வருவது: ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு. இங்கே முதலில் கார்டு ஸ்லாட்டில் முழுசாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மேலோட்டமாகப் பார்த்தால் உட்கார்ந்த மாதிரியே தெரியும். விலை குறைந்த கேபினெட்டுகளில் தகடு கொஞ்சம் கோணலாக இருக்கும். கார்டின் உலோகப் பட்டையைக் கேபினெட்டோடு சேர்த்து ஸ்க்ரூவை முறுக்க முறுக்க, அந்த முனை கீழே இழுபட்டு, ஸ்லாட்டின் மறுமுனையில் கார்டு ஒரு மயிரிழை மேலே தூக்கிக்கொள்ளும். ஸ்லாட்டின் ஓரத்தில் பிளாஸ்டிக் கொக்கி ஒன்று இருக்கும்; கார்டை அழுத்தும்போது அது ‘க்ளிக்’ என்று பூட்ட வேண்டும். ஸ்க்ரூவைத் தளர்த்தி, இரண்டு முனையையும் சமமாக அழுத்தி, கொக்கி பூட்டியதைப் பார்த்துவிட்டு, பிறகு ஸ்க்ரூவை முறுக்குங்கள். தங்கநிற விளிம்பின் மேல் பாதுகாப்புக்காகப் போட்டிருக்கும் பிளாஸ்டிக் உறையை எடுக்காமலே ஸ்லாட்டில் அழுத்திப் பார்ப்பவர்களும் உண்டு. பிராசசருக்குப் பக்கத்திலிருக்கும் முதல் நீள ஸ்லாட்டில்தான் கார்டு இருக்க வேண்டும்.

அடுத்தது கார்டுக்குத் தனியாகப் போகும் பவர். ஸ்லாட் வழியாக ஒரு கார்டுக்கு அதிகபட்சம் 75 வாட்தான் கிடைக்கும். 6 பின் கனெக்டர் இன்னொரு 75 வாட் தரும். 8 பின், 150 வாட். கார்டின் மேல் விளிம்பில் கனெக்டர் துளை இருந்தால் அது அலங்காரத்துக்கு இல்லை, செருகியே ஆக வேண்டும். செருகாவிட்டால் சில கார்டுகள் ஃபேனை முழு வேகத்தில் சுற்றிக் கத்தும். சில, பவர் கேபிளை மாட்டு என்று திரையிலேயே எழுதிக் காட்டும். சில மௌனமாக இருந்துவிடும். ஆறும் இரண்டுமாகப் பிரியும் கனெக்டரில், அந்த இரண்டு பின் துண்டு செருகும்போது பின்னுக்கு நழுவி வெளியே தொங்கிக்கொண்டிருக்கும். இரண்டு துண்டையும் பக்கத்தில் உள்ள சின்ன வரம்பில் கோத்து, ஒரே துண்டாகப் பிடித்து, பூட்டு விழும்வரை அழுத்த வேண்டும்.

விலை உயர்ந்த கார்டுகளில் இப்போது 16 பின் கனெக்டர் வருகிறது. ஒரே ஒயரில் 600 வாட் வரை கொண்டுபோகும். 2022இல் ஆர்டிஎக்ஸ் 4090 வந்த சில நாட்களிலேயே இந்தக் கனெக்டர் உருகிய படங்கள் உலகமெங்கும் சுற்றின. அழுத்தமாகச் செருகாததே பொதுவாகக் காணப்பட்ட காரணம் என்று என்விடியா அப்போது சொன்னது. மறு ஆண்டு வந்த திருத்திய வடிவத்தில், இணைப்பைக் கார்டு உணர்வதற்கான சிறு பின்களைக் குட்டையாக்கிவிட்டார்கள். முழுசாகச் செருகாவிட்டால் அந்தப் பின்கள் தொடாது, கார்டு எழாது. அப்படி எழாமல் நின்றால் உள்ளே கோளாறு என்று நினைக்காமல், கனெக்டரை இன்னொரு முறை அழுத்திப் பாருங்கள்.

கார்டு சரி, பவரும் சரி என்றால், ராமைப் பாருங்கள். கார்டை அழுத்தும்போதும் இழுக்கும்போதும் கை பட்டு ராம் அசைந்துவிடுவது சகஜம். கழற்றி, தங்கநிறக் காலை வெள்ளை ரப்பரால் லேசாகத் துடைத்து, துகள் இல்லாமல் தட்டிவிட்டு மறுபடி பொருத்துங்கள். நம் ஊர் மெக்கானிக்குகளின் இந்தப் பழைய கைவைத்தியம் பல நேரம் பலிக்கிறது. இரண்டு ராம் இருந்தால் ஒன்றை மட்டும் வைத்து எழுப்பிப் பாருங்கள்.

இயந்திரம் தானே பேசுவதையும் கேளுங்கள். மதர்போர்டில் சின்ன ஸ்பீக்கர் இருந்தால், கிராபிக்ஸ் கார்டு கிடைக்காதபோது அது பீப் அடித்துச் சொல்லும். அவார்டு பயாஸ் என்றால் ஒரு நீளமும் இரண்டு குட்டையும். ஏஎம்ஐ பயாஸ் என்றால் எட்டுக் குட்டை. இப்போது பல போர்டுகளோடு ஸ்பீக்கர் வருவதில்லை. கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். அதற்குப் பதில் பல போர்டுகளில் ஓரமாக நான்கு குட்டி விளக்குகள் இருக்கும்: சிபியு, டிராம், விஜிஏ, பூட். வரிசையாக ஒவ்வொன்றும் எரிந்து அணையும். எது அணையாமல் நிற்கிறதோ அந்தக் கட்டத்தில்தான் இயந்திரம் நிற்கிறது. ‘விஜிஏ’ விளக்கு நின்றால் கார்டு செத்தது என்று பொருளில்லை. கார்டைத் தேடுகிற கட்டத்தில் நிற்கிறது என்று மட்டுமே பொருள். ‘டிராம்’ நின்றால் கார்டை விட்டுவிட்டு ராமுக்குத் திரும்புங்கள். டிடிஆர்5 ராம் உள்ள போர்டுகள், பயாஸை ரீசெட் செய்த பிறகு முதல் தடவை ராமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கலாம். அதற்குள் பதறி அணைத்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

எல்லாம் பொருத்தமாக இருந்தும் படம் வரவில்லை என்றால் பயாஸ் பக்கம் வாருங்கள். கார்டும் போர்டும் வெவ்வேறு தலைமுறை என்றால் இந்தச் சிக்கல் வரும். புதுக் கார்டுகள் யுஇஎஃப்ஐ என்ற புதிய பயாஸ் முறையை எதிர்பார்க்கின்றன. பத்துப் பன்னிரண்டு வருஷப் பழைய போர்டுகளில் பழைய முறை மட்டுமே இருக்கலாம், அல்லது ‘சிஎஸ்எம்’ என்ற இணக்க வசதி குறுக்கே நிற்கலாம். பழைய கார்டைத் திரும்பப் போட்டு எழுப்பி, போர்டு கம்பெனியின் தளத்திலிருந்து அந்த மாடலுக்கான கடைசி பயாஸை ஏற்றுங்கள். பிறகு புதுக் கார்டைப் போடுங்கள். கார்டை நிமிர்த்தி வைத்துக் காட்டுவதற்காக ரைசர் கேபிள் போட்டிருந்தால், அது பிசிஐ எக்ஸ்பிரஸ் 3க்கானதா, 4க்கானதா என்று பாருங்கள். பழைய கேபிளில் புதிய வேகம் ஓடாது. படம் வராமலே போகலாம். கார்டை நேரடியாக ஸ்லாட்டில் செருகி, பயாஸில் ஸ்லாட்டின் வேகத்தை ‘ஜென் 3’ என்று மாற்றிவிட்டு, பிறகு ரைசரில் போட்டால் சரியாகிவிடும்.

பயாஸ் செட்டிங்கை அழித்துப் புதிதாகத் தொடங்க, போர்டிலுள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி வைத்தால் போதும். ஆனால் அதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். விண்டோஸ் 11 பல கம்ப்யூட்டர்களில் டிஸ்க்கைத் தானே பூட்டி வைக்கிறது. பயாஸ் மாற்றத்தைக் கண்டால் 48 இலக்க ரெகவரி கீயைக் கேட்கும். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்டில் இருக்கிறதா என்று மொபைலில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கீ இல்லாமல் பேட்டரியைக் கழற்றினால், கார்டு சரியாகி, குழந்தையின் படமெல்லாம் டிஸ்க்கில் பூட்டிக் கிடக்கும் நிலை வரும்.

கம்பெனிப் பக்கமே கோளாறு இருந்ததும் உண்டு. என்விடியாவின் மேக்ஸ்வெல், பாஸ்கல் தலைமுறைக் கார்டுகள், புதிய டிஸ்ப்ளே போர்ட் மானிட்டர்களோடு எழும்போது திரை வராமல் போனதற்காக 2018இல் என்விடியா ஒரு ஃபர்ம்வேர் திருத்தம் வெளியிட்டது. ஆர்டிஎக்ஸ் 5060 வரிசையில் ரீஸ்டார்ட் செய்தால் திரை கறுத்துப்போகிற சிக்கலுக்காக 2025இல் இன்னொன்று வந்தது. டிஸ்ப்ளே போர்ட்டில் வரவில்லை என்றால் எச்டிஎம்ஐயில் மாற்றிப் பாருங்கள். அதில் படம் வந்தால் கார்டு நலமே.

மூன்றாம் நிலை, கம்பெனி சின்னம் தெரிகிறது, விண்டோஸின் சுழலும் புள்ளிகளும் தெரிகின்றன, பிறகு கறுப்பு. இதற்கு ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிடலாம். சின்னம் தெரிந்ததுமே ஸ்லாட், பவர், ராம், கார்டு எல்லாம் அடிப்படையில் சரி என்று நிரூபணமாகிவிட்டது. மிச்சம் டிரைவர். கறுத்த திரையின் முன் கீபோர்டில் நம்லாக்கை அழுத்துங்கள். விளக்கு மாறி மாறி எரிந்தால் விண்டோஸ் உயிரோடு இருக்கிறது, படம் மட்டும் காணோம். விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்தினால் டிஸ்ப்ளே டிரைவர் மட்டும் புதிதாக எழும், படம் திரும்பிவிடலாம்.

திரும்பாவிட்டால் சேஃப் மோடுக்குப் போக வேண்டும். விண்டோஸ் எழும்போது இரண்டு மூன்று முறை இடையில் அணைத்தால் ரிப்பேர் திரை தானாக வரும். அதில் ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று போய் 4ஐ அழுத்துங்கள். சேஃப் மோடில் விண்டோஸின் சாதாரண டிஸ்ப்ளே டிரைவர் மட்டும் ஓடும். அங்கே பழைய டிரைவரை நீக்குங்கள். ரேடியான் போய் ஜிஃபோர்ஸ் வந்தவர்களுக்கும், ஜிஃபோர்ஸ் போய் ரேடியான் வந்தவர்களுக்கும் இது முக்கியம். ‘டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்’ என்ற இலவச மென்பொருள் மிச்சம் மீதியையும் துடைத்துவிடும். பிறகு புதுக் கார்டின் டிரைவரை நிறுவுங்கள். முடிந்தால் பழைய கார்டைக் கழற்றுவதற்கு முன்பே பழைய டிரைவரை நீக்கிவிடுவது இன்னும் நல்லது. லினக்ஸ் வைத்திருப்பவர்கள், பூட் மெனுவில் கெர்னல் வரியின் கடைசியில் ‘நோமோட்செட்’ என்ற சொல்லைச் சேர்த்து எழுப்பி, உள்ளே போய் டிரைவரைச் சரிசெய்யலாம்.

நான்காம் நிலைதான் மனசை அலைக்கழிப்பது. எல்லாம் எழுகிறது, பாட்டு பாடுகிறது, கேம் போட்டதும் அல்லது வீடியோ ரெண்டரிங் தொடங்கியதும் சட்டென்று அணைந்துபோகிறது. இங்கே எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டு ஸ்டிக்கரைப் படியுங்கள். மேலே பெரிய எழுத்தில் 450 வாட் என்று இருக்கும். அதை விட்டுவிட்டு 12 வோல்ட் கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 16 ஆம்பியர் என்று இருந்தால் கிராபிக்ஸ் கார்டும் பிராசசரும் பங்கு போட்டுக்கொள்ளக் கிடைப்பது 192 வாட்தான். 12ஐ ஆம்பியரால் பெருக்கினால் வருகிற கணக்கு அது. ஆர்டிஎக்ஸ் 3060 ஒன்றே 170 வாட் கேட்கும். ஐ5 12400எஃப் அதிகபட்சமாக 117 வாட் வரை போகும். மதர்போர்டு, டிஸ்க், ஃபேன் எல்லாம் சேர்ந்தால் 350 வாட்டை நெருங்கும். அந்தக் கார்டுக்கு 550 வாட் எஸ்எம்பிஎஸ் வேண்டும் என்று என்விடியா சொல்வது வியாபாரத் தந்திரம் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. கார்டு சராசரியாக 170 வாட் இழுத்தாலும், கண்ணிமைப்பதற்கும் குறைந்த நேரத்தில் அதைவிட மிக அதிகமாக எகிறி இறங்கும். கிணற்று மோட்டார் போட்ட அந்த நொடியில் வீட்டு விளக்கெல்லாம் ஒரு துடிப்பு மங்குமே, அதுபோலத்தான். பழைய எஸ்எம்பிஎஸ் அந்த எகிறலை ஷார்ட் என்று நினைத்து அணைந்துவிடும். அதனால்தான் 2022இல் வந்த எஸ்எம்பிஎஸ்களுக்கான ஏடிஎக்ஸ் 3.0 விதி, அவை தம் அளவைப்போல இரு மடங்கு எகிறலை மைக்ரோ விநாடிக் கணக்கில் தாங்க வேண்டும் என்று சொல்கிறது. பெட்டியில் உள்ள ‘80 பிளஸ்’ முத்திரையைத் தரச் சான்று என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அது கரண்ட் எவ்வளவு வீணாகாமல் மாறுகிறது என்பதை மட்டுமே சொல்கிறது.

யுபிஎஸ்ஸையும் மறக்க வேண்டாம். வீடுகளில் உள்ள 600 விஏ யுபிஎஸ் பொதுவாக 360 வாட் வரைதான் தாங்கும். புதுக் கார்டோடும் மானிட்டரோடும் அது எல்லையைத் தொட்டுவிடும். கரண்ட் இருக்கும்போது எல்லாம் ஓடும். கரண்ட் போன நொடியில் யுபிஎஸ் கத்திவிட்டுக் கம்ப்யூட்டரையும் சேர்த்து அணைக்கும். யுபிஎஸ் இல்லாமல் நேரடியாகச் சுவர் பிளக்கில் ஒரு மாலை ஓட்டிப் பார்த்தால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும். கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று இருப்பவர்கள் கார்டை விட்டுவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்; பிளக் பாயின்ட்டில் எர்த் இல்லை என்று பொருள்.

இத்தனையிலும் பொதுவான ஒழுக்கம் ஒன்று உண்டு. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ராம், கேபிள், பயாஸ் மூன்றையும் ஒரே மூச்சில் மாற்றி இயந்திரம் எழுந்துவிட்டால் சந்தோஷம்தான்; ஆனால் அடுத்த முறை நின்றால் எங்கே தொடங்குவது என்று தெரியாது. கழற்றுவதற்கு முன் மொபைலில் படம் எடுத்து வையுங்கள். பழைய கார்டை உடனே விற்றுவிடாதீர்கள். புதியது ஒரு மாதம் ஒழுங்காக ஓடும்வரை அது வீட்டில் இருக்கட்டும். அதைத் திரும்பப் போட்டால் படம் வருகிறதா, வரவில்லையா என்பதைவிட நல்ல சோதனைக் கருவி எந்தக் கடையிலும் கிடைக்காது.

பழைய கார்டில் எல்லாம் சரி, புதியதை நண்பரின் கம்ப்யூட்டரில் போட்டாலும் படம் வரவில்லை என்றால், அப்போது தயங்காமல் கார்டுதான் போச்சு என்று சொல்லலாம். பில்லோடும் சீரியல் நம்பரோடும் வாரன்டிக்குக் கொடுங்கள். செகண்ட் ஹேண்டில் வாங்குவோருக்கு ஒரு கவனம். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் தன் முறையை மாற்றியதும், கிராபிக்ஸ் கார்டில் அதை மைனிங் செய்கிற தொழில் ஒரே நாளில் நின்றது. ராப்பகலாக ஓடிய கார்டுகள் சந்தைக்கு வந்தன. அவற்றில் சிலவற்றின் பயாஸை மாற்றியிருப்பார்கள். டிவைஸ் மேனேஜரில் ‘கோடு 43’ என்று காட்டினால் அதையும் சந்தேகப்படுங்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினாலும், ஊர்ப் பக்கத்துக் கடையில் வாங்கினாலும், ஓட்டிக் காட்டச் சொல்லி, பத்து நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

எஸ்எம்பிஎஸ்ஸை மாற்ற வழியில்லாதவர்களுக்கும், ஆபீஸிலிருந்து கழித்த பிராண்டட் பெட்டி வைத்திருப்பவர்களுக்கும், தனி பவர் ஒயர் இல்லாமல் ஸ்லாட்டின் 75 வாட்டுக்குள் ஓடுகிற கார்டுகள் இருக்கின்றன. ஜிடிஎக்ஸ் 1650இன் சில மாடல்கள், 2024இல் வந்த 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050 போன்றவை. பெட்டியின் உயரத்தை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள்.

எழுதுங்கள், எப்போதும்போலப் பதில் தருகிறோம். இனிமேல் எழுதும்போது நான்கு விஷயங்களைச் சேர்த்து எழுதுங்கள்: மதர்போர்டின் மாடல், எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு எதிரேயுள்ள ஆம்பியர், பழைய கார்டு போட்டால் எழுகிறதா என்பது, கடைசியாகத் திரையில் பார்த்தது அல்லது காதில் கேட்டது. இவை இருந்தால் பாதிப் பேருக்கு எங்கள் பதிலே தேவைப்படாது. எழுதும்போதே விடை கிடைத்துவிடும். நீங்களே கண்டுபிடித்துச் சரிசெய்திருந்தால் அதையும் எழுதுங்கள். “கேபிளை மாற்றிச் செருகியிருந்தேன்” என்று ஒரே வரியாக இருந்தாலும் பரவாயில்லை. வெட்கப்பட ஒன்றுமில்லை, அந்த ஒரு வரி இன்னொரு வாசகருக்குச் சர்வீஸ் செலவை மிச்சப்படுத்தும். அடுத்த இதழில் அப்படி வருகிற வரிகளுக்குத் தனியாக ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்